பழுப்புக் கொழுப்பும் ஒரு பாலாடைப் பாலும்

லைடன், நெதர்லாந்து
5 மே 2024

பாசமுள்ள அக்கா பாக்கியவதிக்கு,

உன் தம்பி டைட்டஸ் இங்கே உயிரோடும் பசியோடும் இருக்கிறேன். நீயும் ஏனோக் மாமாவும் சுகம்தானே? மரியா அத்தையின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? மாமாவுக்கு வேலைக்குப் போகும் பெங்களூர் ரயிலில் உட்கார இடமாவது கிடைக்கிறதா?

போனில் பேசினால் ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீட்டுச் சுவர் வழியாக நாலு வீட்டுக்குக் கேட்கிறது, எழுதி அனுப்பு என்றாய். சரி, இனி மின்னஞ்சலில் கடிதமாகவே எழுதுகிறேன். ஆனால் நீயும் எழுத வேண்டும். கட்டைவிரல் படத்தையெல்லாம் பதிலாக ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

"இன்னாடா வேலை அது, கேக்கறவங்களுக்கு நான் இன்னா சொல்றது?" என்று கேட்டாயே, இதோ சொல்கிறேன். நம் உடம்பில் கொழுப்பு இரண்டு வகை. தொப்பையில் சேர்வது வெள்ளைக் கொழுப்பு, அது சேமிக்கும். இன்னொன்று பழுப்பு. கழுத்தெலும்புக்கு மேலேயும் முதுகெலும்பை ஒட்டியும் கொஞ்சமே கொஞ்சம் இருக்கும். குளிரும்போது அது எரிந்து உடம்பைச் சூடாக்கும். சர்க்கரையையும் கொழுப்பையும் எரிக்கிறது என்பது பழைய செய்தி. நாம் சாப்பிடும் புரதம் உடைந்து வருகிற சில அமினோ அமிலங்களையும் அது இரத்தத்திலிருந்து இழுத்து எரிக்கிறது என்பது புதிது. மனிதர்களிடம் அது எவ்வளவு நடக்கிறது என்று பார்க்கும் குழுவில்தான் நான் இருக்கிறேன்.

ஆட்களைக் குளிர்ந்த நீர் ஓடும் இரண்டு மெத்தைகளுக்கு நடுவே படுக்கவைப்போம். நடுக்கம் வருவதற்கு முன்னால் இரத்தம் எடுத்து, ஸ்கேன் பார்ப்போம். மெத்தையைச் சரிபார்க்க நானும் ஒருநாள் படுத்தேன். எனக்கு முன்னால் படுத்த டச்சுப் பையனுக்குக் கழுத்து முழுக்க விளக்குப் போட்டதுபோல் படம் வந்தது. எனக்கு இருட்டு. "தங்கவயலிலிருந்து வந்தவன் என்கிறாய், உள்ளே ஒன்றுமே மின்னவில்லையே" என்று சிரிக்கிறார்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு இது குறைவாக இருக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்வதால் நான் கோபித்துக்கொள்ளவில்லை.

வேளைக்குச் சாப்பிடு அக்கா.

உன் கைச்சோற்றுக்கு ஏங்கும்
டைட்டஸ்

---

ஆண்டர்சன்பேட்டை
தங்கவயல்
26 மே 2024

என் தம்பி டைட்டசுக்கு,

ஆண்டவர் தயவில் வீட்டில் எல்லோரும் நடமாடுகிறோம். அத்தைக்குச் சர்க்கரை ஏறுகிறது, இறங்குகிறது. நாக்கு மட்டும் இறங்குவதில்லை. உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "காசு குடுத்துக் குளிர்ல படுக்க வெக்கிறாங்களா? நம்ம ஊர்ல மார்கழியில சும்மாவே நடுங்கறோம்" என்றார்.

பள்ளி திறக்கப்போகிறது. இந்த வருடமும் எல்.கே.ஜி. பிள்ளைகள்தான் எனக்கு. கொஞ்ச நாளாகப் பித்தம், காபி வாசனையே பிடிக்கவில்லை. வெயில்தான் காரணம், கவலைப்படாதே.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். அந்த அமினோ அமிலங்களை எரித்தால் அத்தையின் சர்க்கரைக்கு நல்லதா? இன்னொன்று, பிறந்த குழந்தைகளுக்கும் இந்தப் பழுப்புக் கொழுப்பு உண்டா? எதிர்வீட்டு வெங்கடம்மாவின் மகள் முழுகாமல் இருக்கிறாள். அவர்கள் கேட்டார்கள்.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். இனி அந்த மெத்தையில் நீ படுக்காதே.

அக்கா
பாக்கியவதி

---

லைடன்
2 ஜூன் 2024

அருமை அக்காவுக்கு,

பித்தத்துக்கு இஞ்சி சாப்பிட்டாயா? மாமாவின் கேள்வியை இங்கே மொழிபெயர்த்துச் சொன்னேன். எங்கள் பேராசிரியர் தங்கவயல் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடிக்கொண்டிருக்கிறார்.

உன் இரண்டு கேள்வியும் நல்ல கேள்வி. லூசின், ஐசோலூசின், வாலின் என்று மூன்று அமினோ அமிலங்கள். பால், பருப்பு, கறி, எல்லாவற்றிலும் உண்டு. அத்தையைப் போலச் சர்க்கரை உள்ளவர்களின் இரத்தத்தில் இந்த மூன்றும் கூடுதலாக இருப்பதைப் பலர் கண்டிருக்கிறார்கள். பழுப்புக் கொழுப்பு நன்றாக வேலை செய்பவர்களுக்குக் குளிரில் இவை குறைகின்றன. அதை வைத்து வைத்தியம் வருமா என்பது இன்னும் தெரியாது. அத்தை மாத்திரையை விடக்கூடாது.

பிறந்த குழந்தைகளுக்கு இந்தக் கொழுப்பு நிறையவே உண்டு. அவர்களுக்கு நடுங்கத் தெரியாதே! தோள்பட்டைகளுக்கு நடுவே அதை வைத்துக்கொண்டுதான் பிறக்கிறார்கள். வெங்கடம்மாவிடம் சொல்.

போன வாரம் ஒரு குழந்தை மருத்துவர் வந்து பேசினார். லட்சத்தில் ஒரு குழந்தைக்கு இந்த மூன்று அமிலங்களையும் உடைக்கவே முடியாதாம். பிறக்கும்போது நன்றாகத்தான் இருக்குமாம். மூன்றாம் நாள் பால் குடிக்காது, பிறகு கை கால் விறைக்கும். அந்தக் குழந்தையின் காது அழுக்கிலும் சிறுநீரிலும் காய்ச்சிய வெல்லப்பாகு வாசனை அடிக்குமாம். வெந்தயத்திலும் அதே வாசனைப் பொருள்தான் என்றார். எனக்கு உடனே அத்தையின் சமையலறை ஞாபகம் வந்துவிட்டது.

பள்ளிப் பிள்ளைகளை ரொம்ப மிரட்டாதே.

அன்பு குறையாத
டைட்டஸ்

---

லைடன்
7 ஜூலை 2024

அக்காவுக்கு,

நலமா? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. போன் செய்தால் மாமா எடுத்து, "அக்கா தூங்குது டைட்டஸ்" என்கிறார். பகல் பதினொரு மணிக்கு நீ தூங்கி நான் பார்த்ததில்லை. உடம்புக்கு என்ன? நான் எழுதியதில் ஏதாவது மனம் நொந்ததா? திட்டியாவது இரண்டு வரி எழுது.

டைட்டஸ்

---

ஆண்டர்சன்பேட்டை
14 ஜூலை 2024

தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஜூன் கடிதத்தைப் பள்ளியில் மதியம் பிள்ளைகள் பாயில் தூங்கும்போது படித்தேன். அதன்பிறகு மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. வேறொரு டீச்சர் வந்து பிள்ளைகளை எழுப்பினார்.

ஏழு வருடத்துக்கு முன் பிறந்த என் மகனை நீ பார்க்கவில்லை. உனக்கு அப்போது பரீட்சை, வராதே என்று நான்தான் சொன்னேன். அழகாகப் பிறந்தான், டைட்டஸ். நல்ல எடை, நல்ல நிறம். மூன்றாம் நாள் மார்பில் வாய் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். பிறகு படுத்தபடியே சைக்கிள் மிதிப்பதுபோல் கால்களை ஆட்டினான். அத்தைகூட, "பாரேன், அவங்கப்பன் மாதிரி இவனும் வேலைக்குக் கிளம்பறான்" என்று சிரித்தார். பிறகு வில்போல் விறைத்தான். கொண்டுபோன இடத்தில் இரத்தத்தில் கிருமி என்றார்கள். அவர்களும் பாடுபட்டுத்தான் பார்த்தார்கள்.

அவன் குல்லாயில் ஒரு வாசனை இருந்தது. வெல்லப்பாகு என்று நீ எழுதினாயே, அதேதான். நான் அத்தையிடம் சொன்னேன். "நீ வெந்தயக் களி துன்னுக்கினு கீற, பாலு வழியா புள்ள மேல வருது" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். யார்தான் வேறு விதமாக நினைப்பார்கள்?

அது இந்த நோயாக இருக்குமா? ஒரே தாய்க்கு மறுபடியும் வருமா? மறைக்காமல் எழுது.

பாக்கியவதி

---

லைடன்
15 ஜூலை 2024

என் அக்காவுக்கு,

நீயும் மாமாவும் அத்தையும் நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும் முதலில் எழுதுகிறேன்.

அந்த நோயைப் பற்றி நான் கதைபோல் எழுதிவிட்டேன். நீ எந்த நிலையில் படித்திருப்பாய் என்று நினைத்தால் இங்கே உட்கார முடியவில்லை. அந்த மருத்துவரிடம் போய் நீ எழுதியதைச் சொன்னேன். பார்க்காத குழந்தையைப் பற்றி உறுதி சொல்ல முடியாது, ஆனால் சந்தேகப்பட எல்லாக் காரணமும் இருக்கிறது என்றார்.

இது யாரும் செய்த தப்பால் வருவதில்லை. தாய், தகப்பன் இருவரிடமும் ஒரே மரபணுவில் ஒரு பழுது இருக்கும். இருவரும் ஆரோக்கியமாகவே இருப்பார்கள். இருவரிடமிருந்தும் அந்தப் பழுது வந்து சேர்ந்த குழந்தைக்குத்தான் நோய். மாமா நமக்குத் தாய்மாமன் மகன். சொந்தத்தில் கட்டும்போது அப்படிச் சேர வாய்ப்பு கூடுகிறது. மறுபடி வருமா என்றால், ஒவ்வொரு முறையும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. நாலில் மூன்று பங்கு வராமலும் இருக்கும்.

பெங்களூரில் உங்கள் இருவரின் இரத்தத்தைச் சோதிக்கலாம். பிறந்தவுடன் கண்டுபிடித்தால் குழந்தையைக் காப்பாற்றலாம். அதற்கென்று தனிப் பால்மாவு உண்டு.

அக்கா, வெங்கடம்மாவின் மகளைப் பற்றி நீ இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை எழுதவில்லை. நான் கேட்கவில்லை. நீயே சொல்.

உன்
டைட்டஸ்

---

ஆண்டர்சன்பேட்டை
18 ஆகஸ்ட் 2024

தம்பி டைட்டசுக்கு,

நலம். நீ நலமாக இருக்க ஞாயிறுதோறும் ஜெபிக்கிறோம்.

வெங்கடம்மாவின் மகள் முழுகாமல் இல்லை. நான்தான். ஆறாம் மாதம். ஏழு வருடம் கழித்து வந்ததை வாய்விட்டுச் சொன்னால் போய்விடுமோ என்று உன்னிடம்கூடச் சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

உன் கடிதத்தை மாமாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அன்று வேலைக்குப் போகவில்லை. "அப்ப நம்ம புள்ள கிருமியில போவலையா?" என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியலங்க" என்றேன். "ரெண்டு பேர் கிட்டயும் கீதுன்னா, பாதி என்னுது" என்றார். மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு பெங்களூருக்கு ரயில் ஏறினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷில்பா என்று ஒருவர். கன்னடக்காரர், தமிழும் பேசுகிறார். இருவரின் இரத்தத்தையும் எடுத்தார். முடிவு வந்துவிட்டது. இருவரிடமும் அதே பழுது. கர்ப்ப நீரை ஊசியில் எடுத்துக் குழந்தையைச் சோதிக்கலாம் என்றார். வேண்டாம் என்றேன். "எப்படி இருந்தாலும் இதை நான் பெறப்போகிறேன். பிறந்ததும் என்ன செய்ய வேண்டுமோ அதைத் தயாராக வையுங்கள்" என்றேன். "சரிம்மா, அப்படியே மாடோணா, செஞ்சுடலாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

வெந்தயம் சாப்பிட வேண்டாம், குழந்தையின் வாசனை குழம்பிவிடும் என்று அத்தையிடம் சொன்னேன். ஜாடியோடு எடுத்து வெங்கடம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

நீ ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறாய். பாலிலும் அந்த மூன்று இருக்கிறது என்று ஜூனில் எழுதினாய். ஜூலைக் கடிதத்தில் பாலைப் பற்றிப் பேச்சே இல்லை. அவன் போன பிறகு அத்தை ஒரே ஒருமுறை சொன்னார்: "உன் பாலு அவனுக்குச் சேரல பாக்கியம்." அதன்பிறகு சொன்னதே இல்லை. நான்தான் தினமும் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது நிஜம்தானா? என் பால்தான் அவனுக்கு விஷமானதா?

அக்கா

---

லைடன்
19 ஆகஸ்ட் 2024

என் அக்காவுக்கு,

ஆறாம் மாதம்! படித்ததும் எழுந்து ஆய்வுக்கூடத்தை ஒரு சுற்று ஓடினேன். கூட வேலை செய்பவர்கள் தீ பிடித்ததோ என்று பயந்துவிட்டார்கள். கோபமில்லை. நன்றாகத் தூங்கு, நன்றாகச் சாப்பிடு.

பாலைப் பற்றி நான் வேண்டுமென்றேதான் விட்டேன். நீ இதைக் கேட்டுவிடக் கூடாதே என்றுதான். கேட்டுவிட்டாய், முழுவதும் சொல்கிறேன்.

பாலில் லூசின் உண்டு. அதை அவன் உடம்பால் உடைக்க முடியவில்லை. ஆனால் பசும்பால் கொடுத்திருந்தால் இன்னும் கூடியிருக்கும். ஒன்றுமே கொடுக்காமல் விட்டிருந்தாலும் ஏறியிருக்கும், ஏனென்றால் பசித்த உடம்பு தன் சதையையே உடைத்துக்கொள்ளும், அந்தச் சதையிலும் அதே லூசின்தான். உலகத்தில் எந்தத் தாயின் பாலும் அவனுக்கு அப்படித்தான். பழுது பாலில் இல்லை அக்கா.

இன்னொன்றும் கேள். வயிற்றில் இருந்த மாதமெல்லாம் அவன் நன்றாக இருந்தானே, ஏன்? அவனால் உடைக்க முடியாததைத் தொப்புள்கொடி வழியாக வாங்கி, அவனுக்காக உன் உடம்புதான் உடைத்துக்கொண்டிருந்தது. நல்ல எடை, நல்ல நிறம் என்று எழுதினாயே, அதைக் கொடுத்தது நீ. இப்போது உள்ளே இருக்கும் பிள்ளைக்கும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறாய்.

டாக்டர் ஷில்பா சொல்வதைக் கேள். பால்மாவு முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். அதை மாமாவிடம் நினைவுபடுத்து. அத்தைக்கு என் அன்பு.

உன்
டைட்டஸ்

---

ஆண்டர்சன்பேட்டை
10 நவம்பர் 2024

மச்சான் டைட்டசுக்கு ஏனோக் எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்துக்குப் பதில் போடு. எனக்கு எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அக்காவுக்கு இது தெரியாது. உன் பழைய கடிதங்களையெல்லாம் ரயிலில் போகவர படித்தேன். குளிரில் பழுப்புக் கொழுப்பு அந்த மூன்றையும் இழுத்து எரிக்கிறது என்றாய். பிறந்த பிள்ளைக்கு அது நிறைய என்றாய். அப்படியானால் பிள்ளையைக் கொஞ்சம் குளிரில் வைத்திருந்தால், உடம்பு செய்யாததை அந்தக் கொழுப்பு செய்யாதா? டிசம்பரில் இங்கே நல்ல குளிர். சட்டை போடாமல் சற்று நேரம் வைத்தால் போதுமா? என்னால் வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அதனால் கேட்கிறேன்.

ஏனோக்

---

லைடன்
10 நவம்பர் 2024

மாமாவுக்கு,

வணக்கம், நலம். வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

நீங்கள் யோசித்தது தப்பான யோசனை இல்லை. எங்கள் கூடத்திலேயே ஒருவர் இதைக் கேட்டிருக்கிறார். ஆனால் இந்த நோயில் உடைக்கும் நொதி உடம்பின் எந்த மூலையிலும் சரியாக இருக்காது. பழுப்புக் கொழுப்பிலும் இருக்காது. மூன்றையும் உள்ளே இழுத்தாலும் எரிக்க முடியாது. குளிர்ந்தால் குழந்தையின் உடம்பு தவித்து, தன் சதையை உடைக்கும். லூசின் இன்னும் ஏறும். பிள்ளையைக் கதகதப்பாகவே வைக்க வேண்டும்.

என்ன செய்வது என்று கேட்டீர்கள். முதல் நாளே இரத்தம் போக வேண்டும், முடிவு வரும்வரை யாராவது விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அது நீங்கள்தான். அக்காவிடம் சொல்ல மாட்டேன்.

உங்கள்
டைட்டஸ்

---

பெங்களூர்
22 டிசம்பர் 2024

என் தம்பி டைட்டசுக்கு,

பெண் பிறந்ததை மாமா போனில் சொன்னார். மீதியை நானே எழுதுவேன், நீங்கள் சொல்லக் கூடாது என்று தடுத்துவிட்டேன். நீ சாப்பிடாமல் காத்திருப்பாய் என்று தெரியும். ஆகையால் முதலில் சொல்கிறேன்: நாங்கள் எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் அவளும்.

நோய் அவளுக்கும் இருக்கிறது.

பிறந்த உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். மாமா இரத்தம் சோதிக்கும் கூடத்தின் வாசலை விட்டு நகரவில்லை. அங்கே இருந்தவர், "நீங்க போய் சாப்பிடுங்க சார், வந்தா நாங்களே சொல்றோம்" என்றாராம். "நான் சாப்டா நீங்க மறந்துடுவீங்க" என்றாராம் இவர். முடிவைத் தானே எடுத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடி வந்தார். டாக்டர் ஷில்பா பார்த்துவிட்டு, "ஏறியிருக்கு. ஆனா குழந்தை இன்னும் நல்லா இருக்கா. நாம முந்திக்கிட்டோம்" என்றார்.

அன்றே தனிப் பால்மாவு தொடங்கினார்கள். என் பாலை நிறுத்தச் சொன்னார்கள். அழாமல் தலையாட்டினேன். ஆனால் வற்றவிடக் கூடாது, பீய்ச்சி எடுத்து வையுங்கள் என்று உணவு ஆலோசகர் சுனிதா சொன்னார். எதற்கென்று நான் கேட்கவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அத்தை குழந்தையைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் நானும் அவரும் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். சைக்கிள் மிதிக்கவில்லை. சும்மா உதைத்தாள், எல்லாப் பிள்ளைகளையும் போல.

லூசின் இறங்கிக்கொண்டே வந்தது. நேற்று காலை சுனிதா வேகமாக வந்து, "ரொம்பக் கீழ வந்துடுச்சு. இதுக்கு மேல இறங்கினா குழந்தை வளராது. கொஞ்சம் லூசின் வேணும்" என்றார்.

"அதுக்கு இன்னா மருந்தும்மா?" என்று அத்தை கேட்டார்.

"மருந்தில்ல பாட்டி. அவங்க அம்மா பால்தான்."

"என் பாலா?" என்றேன். "வேற யார் பால்?" என்று சிரித்தார்.

அளந்து, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையில் பாதிகூட இல்லை, பால்மாவுக்கு முன்னால் கொடுக்கச் சொன்னார். அத்தை என் கையிலிருந்து பாலாடையை வாங்கிக்கொண்டார். "கொண்டா, நான் குடுக்கறேன். உன் பாலு ஒரு சொட்டு கூட சிந்தக் கூடாது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுதவில்லை. ஆயுசுக்கும் அளந்துதான் சாப்பாடு. காய்ச்சல் வந்தால் ராத்திரி பகல் பார்க்காமல் இங்கே ஓடிவர வேண்டும். பள்ளிக்கு ஒரு வருடம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். லவினா என்று பெயர் வைத்திருக்கிறோம். மாமா அவள் தலைமுடியைத் தடவித் தடவியே தேய்த்துவிடுவார் போலிருக்கிறது. பாஸ்கா பண்டிகைக்கு நீ வரவேண்டும். ஞானஸ்நானத்தில் நீதான் அவளைத் தூக்க வேண்டும்.

நேற்று அந்தப் பாலைக் குடித்து முடித்ததும், வெறும் பாலாடையை உதட்டால் தேடிவிட்டு, போதவில்லை என்று வீறிட்டாள் பார், வார்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டில்காரி என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று எழுந்துவிட்டாள். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். பசித்து அழுகிற என் பிள்ளையை, டைட்டஸ், நான் இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

நீ முதலில் போய்ச் சாப்பிடு.

அக்கா
பாக்கியவதி